அம்லோ டிபன்

தாராவி, தொண்ணூறு அடி ரோடு.
தையல் கடைக்கும் மொபைல் ரிப்பேருக்கும் நடுவே
ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் என் மருந்துக்கடை.
அரசாங்கத்து மலிவுக்கடை.
போர்டு இந்தியில், பில் இங்கிலீஷில்,
வருகிறவர்கள் நெல்லைத் தமிழில்.

"பத்து மாத்திரை அஞ்சு ரூவாயா?"
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.
"உப்புப் பாக்கெட்டே இருவத்தெட்டு விக்குது.
அஞ்சு ரூவாய்க்கு எந்த பிரஷர் இறங்கும்?"
இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு.
நாளைக்கு முப்பது முறை சொல்லி
விளிம்பு தேய்ந்துபோன பதில்.

தங்கப்பழம் இட்லி விற்கிறவர்.
விடியுமுன் சைக்கிள், அலுமினியத் தூக்கு,
மாஹிம் வரைக்கும் ரப்பர் ஹாரன்.
போன ஜூலையில் சிக்னல் பக்கம்
சட்னியோடு சாய்ந்துவிட்டார் என்றார்கள்.
"மழைத்தரை. வழுக்கிருச்சு."
"தலை சுத்தலையா அண்ணாச்சி?"
"சுத்தும். இந்த ஊர்ல யாருக்குச் சுத்தலை?"
கணுக்காலில் வீக்கம்.
செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே இருந்தது.

வீட்டில் கிடக்கிற மருந்தெல்லாம்
அள்ளிக்கொண்டு வாருங்கள் என்றேன்.
பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது.
கவுண்டரில் கவிழ்த்தேன்.
போன வருஷமே காலாவதியான இருமல் மருந்து.
இசக்கியம்மாளுக்கு எழுதிய இரும்புச்சத்து, பாதி.
எலி ருசி பார்த்த ஓர் அட்டை.
ஊக்கு. செல்லாத நாலணா.
அப்புறம் இது:
வெள்ளிப் பளபளப்பில் ஒரு கம்பெனி மாத்திரை,
பெண்குழந்தைக்கே வைக்கலாம், அவ்வளவு நல்ல பெயர்.
அதன் பக்கத்தில் என் கடை அட்டை,
அலங்காரமில்லாமல், வேதிப்பெயர் மட்டும்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பொடி எழுத்தைப் படித்தேன்.
அதே மருந்து. அதே ஐந்து மில்லிகிராம்.

"இதுல எதைப் போடுறீங்க?"
"ரெண்டும்தான்.
அது நம்பிக்கைக்கு.
இது சிக்கனத்துக்கு."

சிரிக்கத் தோன்றவில்லை.
அதை எழுதியவர் கிளினிக் டாக்டர்.
இதை எழுதியவர் மாநகராட்சி டாக்டர்.
ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை.
எட்டு மாதமாக விற்றவள் நான்.
வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று
நானும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

சமாளிக்கப் பார்த்தேன்:
"உங்க இட்லிக்கு என்ன கம்பெனி அண்ணாச்சி?
பேரில்லாமத்தானே விக்கிறீங்க?"
"பேரில்லைதான்.
ஆனா ஆவி வருதுல்லா, பிட்டுப் பாக்கலாம்,
புளிச்சிருந்தா மூக்கு சொல்லிரும்.
மாத்திரையை எந்த மூக்கால மோந்து பாக்கச் சொல்லுத?"

ஆய்வுக்கூடம், பேட்ச் நம்பர், தரச் சான்று
எல்லாம் தொண்டை வரை வந்தன.
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி
இரண்டு அட்டையையும் ரப்பர் பேண்டில் கட்டி
டிஸ்பென்சரிக்கு அன்றைக்கே அனுப்பினேன்.
சாயங்காலம் ஒன்றின்மேல்
சிவப்பு மையில் ஒரு கோட்டோடு திரும்பினார்.
கோடு விழுந்தது அழகான பெயரின்மேல்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதி.
அடுத்த மாதம் அவர் வந்தபோது
பிவண்டியிலிருந்து லாரி வரவில்லை.
நான் நம்பச் சொன்ன மருந்து
என் அலமாரியிலேயே இல்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காலி இடத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை.

பில்லின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.
"சயான் ஆஸ்பத்திரிக்கிட்ட இதே மாதிரிக் கடை இருக்கு.
கம்பெனி பேர் சொல்லாதீங்க, இதைச் சொல்லிக் கேளுங்க.
அம்லோடிபின்."
நாக்கில் போட்டு உருட்டினார்.
"அம்லோ டிபன்."
"டிபின்."
"அதான், டிபன்."

மறுநாள் இருட்டு விலகாத நேரம்.
ஹாரன் என் சந்தைக் கடந்தது.
இட்லி, வடை, இட்லி, வடை,
நடுநடுவே, கடை திறக்கிற பத்து மணிவரை
மறந்துவிடாமலிருக்க,
அதே ராகத்தில்
"அம்லோ... டிபன்."

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.
தூக்கம் கலையாத ஒரு குரல்:
"அண்ணாச்சி, அது பிளேட்டு எவ்வளவு?"